போலி நகராட்சி

மேயர் அதனாசியோ ஓவேலார் மேசையை ஓங்கிக் குத்தினார். குவளையிலிருந்த குளிர்ந்த தெரெரே பானம் ததும்பி அவர் சட்டையிலேயே கொட்டியது.

"என் நகராட்சிக்கே போலியா! ஆள் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா இல்லையா, இன்ஸ்பெக்டரம்மா?"

"விசாரிச்சுக்கிட்டுதான் இருக்கேன், மேயர் ஐயா" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் லிப்ராடா.

விவகாரம் இதுதான். பராகுவேயின் அந்தச் சிற்றூர் நகராட்சிக்கு ஓர் இணையதளம் இருந்தது. மேயரின் மருமகன் டெர்லிஸ் நகராட்சியிடம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் கண்விழித்து உருவாக்கியது. திறந்தால் மேயர் ரிப்பன் வெட்டுவார். அடுத்த பக்கம் போனால், வேறு சட்டையில் வேறு ரிப்பன் வெட்டுவார். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது.

சில வாரங்களுக்கு முன்னால், முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறிய இன்னொரு தளம் முளைத்தது. அதே சின்னம், அதே நிறம். ஆனால் ரிப்பன் இல்லை. குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு என்றைக்கு வரும், சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, மழையில் எந்தச் சாலை முழுகியிருக்கிறது என்பதெல்லாம் இருந்தது. ஊரே அதற்கு மாறிவிட்டது. அசல் தளத்தை மேயரும் அவர் மனைவியும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலியில் 'மேயர் இப்போது எங்கே?' என்றும் ஒரு கட்டம் இருந்தது. 'ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறார்' என்று பெரும்பாலும் போட்டிருக்கும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மேயருக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

"வாத்தியார் தியோஸ்னெல்தான்! எதிர்க்கட்சிக்காரன். தூக்கி உள்ள போடச் சொன்னேனே?"

"காலையிலேயே போட்டாச்சு. லாக்கப்புலதான் இருக்காரு. ஆனா, இவரால இதைச் செய்ய முடியுமான்னு கோர்ட்டுல கேப்பாங்களே? எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி என்ன தெரியும்? அதான், உங்க மருமகனையே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சோபாவில் சரிந்து கிடந்த டெர்லிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டான்.

"இது லேசுப்பட்ட விஷயமில்ல, மேடம். கோடிங்! லட்சக்கணக்கான வரி. ஒரு கமா தப்பினா மொத்தமும் படுத்துடும். நான் எத்தனை ராத்திரி தூங்காம எழுதினேன்னு மாமாவுக்குத் தெரியும்."

"அப்ப வாத்தியாரால முடியாதா?"

"அந்த ஆளா? மவுஸைப் பிடிங்கன்னா பூனையைக் கூட்டிட்டு வருவாரு!"

"நம்ம ஊர்ல வேற யாராலயாவது?"

"ஊரை விடுங்க. இந்த மாவட்டத்துலயே என்னை விட்டா ஆள் கிடையாது!"

லிப்ராடா எழுந்தார். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"ரொம்ப நன்றி தம்பி. கையைக் கொஞ்சம் நீட்டுங்க."

"எ... எதுக்கு?"

"உங்களை விட்டா ஆள் கிடையாதுன்னு மேயர் முன்னாடியே சொல்லிட்டீங்க. அரசாங்கச் சின்னத்தைப் போட்டுப் போலி தளம் நடத்தியிருக்கீங்க. சில வருஷமாவது உள்ள இருக்க வேண்டியிருக்கும்."

மேயர் மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, மீன் பிடிக்கப் போறப்ப என்கூட வர்றவன் நீ ஒருத்தன்தானே?"

டெர்லிஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"ஐயோ மாமா, நான் இல்ல! அதை... அதை யார் வேணாலும் செய்யலாம்!"

"இப்பத்தானே லட்சக்கணக்கான வரின்னீங்க?" என்றார் லிப்ராடா.

"ஒரு வரிகூடக் கிடையாது, மேடம்! அது கட்டற்ற மென்பொருள். உலகத்துல யார் யாரோ சேர்ந்து எழுதி, சும்மா குடுத்திருக்காங்க. எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அடுத்தவனுக்கும் குடுக்கலாம், ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெட்டியை இழுத்து வைக்கணும், படத்தைப் போடணும், கீழ ரெண்டு வார்த்தை அடிக்கணும். முடிஞ்சுது. தெருவுல சிப்பா ரொட்டி விக்கிற அம்மாகூட ஒரே மத்தியானத்துல செஞ்சு முடிச்சிடும்!"

"நம்ம தளம்?" என்றார் மேயர். "அதுக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மத்தியானம்தான் மாமா... நடுவுல சாப்பிட்டதையும் சேர்த்து."

மேயர் நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். அவருக்கு நிஜமாகவே மனம் நொந்துபோயிருந்தது.

"நகராட்சியை ஏமாத்து, வேணாங்கல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா?"

லிப்ராடா விலங்கை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப கேஸ் நிக்காது, மேயர் ஐயா. யார் வேணாலும் செஞ்சிருக்கலாம்னு நிபுணரே சொல்லிட்டாரு. ஊர் மொத்தத்தையும் பிடிச்சுப் போட லாக்கப்புல இடமில்ல. இத்தோட மூடிடலாமா? இல்ல, மருமகன் இப்ப சொன்னதையெல்லாம் கோர்ட்டுல வந்து சொல்லட்டுமா?"

"மூடுங்கம்மா! முதல்ல அதை மூடுங்க!"

காவல் நிலையத்துக்குத் திரும்பியதும் லாக்கப்பைத் திறந்துவிட்டார் லிப்ராடா. வாத்தியார் சட்டையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"நிஜமா செஞ்ச ஆளைப் பிடிச்சிட்டீங்களாம்மா?"

"ஆதாரம் கிடைக்கல சார். நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

ஊர் மதியத் தூக்கத்தில் இருந்தது. லிப்ராடா கதவைச் சாத்திவிட்டு வந்து தன் கணினிமுன் உட்கார்ந்தார்.

இந்த விசாரணை அலைச்சலில் காலையில் போட முடியாமல் போன தடுப்பூசி முகாம் அறிவிப்பை மடமடவென்று அடித்து, பெட்டியை இழுத்து, போலி நகராட்சியின் முகப்பில் வைத்தார்.