குளிச்சப்புறம் சொல்லிக்கலாம்

"குளிச்சப்புறம் சொல்லிக்கலாம்னுதானே நான்—"

"குளிச்சப்புறம் சொன்னா அதுக்குப் பேரு ஏமாத்துறது, ட்வைலா. முன்னாடியே—"

"முன்னாடி சொன்னா தண்ணியில இறங்கவே மாட்டாருக்கா."

"இறங்காட்டி போகட்டும். எங்க போறோம்னு தெரிஞ்சாவது வரட்டும்."

நோரின் ஸ்டியரிங்கை விடாமலே பேசினாள். எஞ்சினை அணைத்து வெகு நேரமாகிவிட்டது. சாலை முழுக்கக் காட்டெருமைகள். எந்தப் பக்கம் போவது என்று அவற்றுக்கே இன்னும் முடிவாகவில்லை.

கேரவனின் பின்பக்கப் படுக்கையில் ட்வைலாவின் கணவர் ஆர்லன் தூங்கிக்கொண்டிருந்தார்.

வெந்நீர் ஊற்றுக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. ஊற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு அறை பேசி முடித்திருப்பதைத்தான் சொல்லவில்லை.

"மெதுவாப் பேசுக்கா."

"எதுக்கு? காது மிஷின் கோப்பையிலதானே கிடக்கு?"

"கழட்டிப் போட்டதை நான் பார்த்தேன்."

"அப்புறமென்ன? இடியே விழுந்தாலும் அந்த மனுஷனுக்கு இப்பக் கேக்காது."

கேட்காதுதான். படுக்கப் போகும்போது இரண்டு மிஷினையும் கழற்றிச் சமையல் மேடையில் இருக்கும் நீலக் காப்பிக் கோப்பைக்குள் போடுவார் ஆர்லன். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் உருண்டு ஓடாது என்று அவரே கண்டுபிடித்த இடம்.

பெரிய காளையொன்று வந்து வண்டியின் மூக்கை ஒட்டி நின்றது. தாடியில் உறைபனி.

"ஒரு ஹாரன் அடியேன்."

"அடிச்சா மிரண்டு முட்டும், இந்தக் கண்ணாடி நம்ம மடியில இருக்கும். உன் புருஷன் சொல்லிக் குடுத்த பாடம்தான்."

"அப்ப பின்னால எடு."

"எப்படி எடுக்கறது? பின்னால உன் காரைக் கட்டி இழுத்துட்டு வரோம். ரிவர்ஸ் எடுத்தா இழுவைக் கம்பி முறுக்கிக்கும். காரும் கூட வரணும்னு அடம் பிடிச்சது யாரு, நானா?"

அடம் பிடித்தது ட்வைலாதான். கேரவனை அந்த ஊரிலேயே விற்றுவிட்டு, ஆர்லன் இல்லாமல் வீடு திரும்புவதற்கு அந்தக் கார்.

"மனசு கேக்கலைன்னா நீயே வச்சுப் பார்த்துக்க. வேண்டாம்னா சொன்னேன்?"

"முடியலைக்கா. நான் கையைக் குடுக்காம இந்த வண்டியில ரெண்டு படி இறங்க முடியாது அவரால. போன மாசம் குளியலறையில விழுந்துட்டாரு. தூக்கிப் பார்த்தேன், முடியலை. நானும் பக்கத்துலயே தரையில படுத்துக்கிட்டேன். தபால்காரன் வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

"இதை எங்கிட்டச் சொல்லவே இல்லையேடி."

"சொன்னா நீ சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்தான்." நோரின் குரல் இறங்கியது. "இதையே அவர்கிட்டச் சொல்லிடேன். புரிஞ்சுக்குவாரு."

"இதைச் சொல்லிடலாம். இன்னொண்ணு இருக்கு. அதை எப்படிச் சொல்லுவேன்?"

காளை தலையைத் திருப்பி எங்கோ பார்த்தது. மூச்சு புகையாய் வந்தது.

"காலைல காப்பி போடுறப்பல்லாம், இன்னிக்கு அவரு எழுந்திரிக்காமலே இருந்தா நல்லாருக்கும்னு தோணுதுக்கா. என்னிக்கோ ஒருநாள் இல்லை. தினமும்."



வண்டி லேசாக ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.

"எருமை," என்றாள் நோரின், ஏதாவது பேசினால் போதும் என்பதுபோல. "முதுகு சொறிஞ்சுக்க நம்ம வண்டிதான் கிடைச்சுது பாரு."

ட்வைலா சிரிக்கப் பார்த்தாள்.

பின்கழுத்தில் குளிர் பட்டது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

"அக்கா, அங்க பாரு."

ஆர்லன் வண்டியைத் தாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார். குளியல் அங்கி. கையில் ஊன்றுகோல். இரண்டு எருமைகளுக்கு நடுவே, கடைத்தெருவில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகிறவர்போல. புல்வெளியின் மறுகோடியில் ஊற்றின் ஆவி வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது.

நோரினின் கை ஹாரனுக்குப் போய், தொடாமல் நின்றது.

ட்வைலா இருக்கையை விட்டு எழுந்து பக்கக் கதவை நோக்கி ஓடினாள். அது திறந்தே இருந்தது. படிக்கு நேர் எதிரே ஒரு தாய் எருமை, கன்றை வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொண்டு நின்றது. வாலை உயரத் தூக்கியிருந்தது. வால் தூக்கினால் அசையாதே என்பதும் ஆர்லன் சொல்லிக் கொடுத்ததுதான்.

இருந்தது இரண்டே படி. அவளால் இறங்க முடியவில்லை.

பின்வாங்கும்போது முழங்கை இடித்துச் சமையல் மேடையில் நீலக் கோப்பை சாய்ந்து உருண்டது. உள்ளே எதுவும் கலகலக்கவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தாள்; இரண்டு மிஷினும் இல்லை.

பிறகு மேடைக்கு மேலிருந்த சின்ன ஜன்னலைச் சத்தமில்லாமல் தள்ளினாள். அவர் இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனால் கூப்பிட முடியாது. அத்தனை எருமைகள் நடுவில் ஆள். வருஷக்கணக்காக அவரிடம் கத்தியே பேசிப் பழகியவள், ஜன்னல் விளிம்பில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"ஆர்லன்... எப்ப எழுந்தீங்க?"