முழங்காலுக்கு ஒரு கூடை திராட்சை

“நீ மகராசியா இருக்கணும், தாயி! எங்க வீட்டுக்காரரை நடக்க வெச்சது உங்க கம்பெனிதான்.”

தேனியில் அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுண்டரில் கூடையை இறக்கினாள் பிச்சையம்மாள். கூடை நிறைய சுருளிப்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. மில்லில் வேலை பார்க்கும் அவள் புருஷன் மலைச்சாமிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், போன மாதம்தான் வலது மூட்டை மாற்றியிருந்தார்கள்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றாள் ஆபீஸ் பெண் மகிமா. கேட்டுக்கொண்டே கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இடது காலுக்கும் நீங்கதான் மனசு வைக்கணும்.”

“உட்காருங்க, பார்த்துச் சொல்றேன்.”

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். பிச்சையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

“யாருக்கு வைத்தியம், அண்ணே?”

“பஞ்சம்மாள்னு ஒருத்தருக்கு. இருதயத்துல அடைப்பு. நாளைக்கு ஆபரேஷன். இவுக இன்னும் சரின்னு சொல்லல.”

“கவலப்படாதீக. இவுக தங்கமானவுக. எங்க மில்லு முதலாளி இருக்காரே, அவருதான் கஞ்சப்பிசினாரி! கேண்டீன் கூரை ஒழுகுது, மாத்த மனசு வரல. அந்த ஆளை நம்பியிருந்தா எங்க வீட்டுக்காரரு இன்னமும் தவழ்ந்துக்கிட்டுத்தான் இருப்பாரு.”

“முதலாளியைப் பாத்திருக்கியா?”

“அந்த மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்?”

“கூரை ஒழுகுறது நெசந்தான்” என்று பெரியவர் சிரித்தார்.

“கிங்ஸ்லி சார்!” என்று கூப்பிட்டாள் மகிமா. பெரியவர் அவசரமாக எழுந்து போனார்.

“பஞ்சம்மாள் கேஸ்ல எங்க மேலிடத்துல சந்தேகம் கேக்கறாங்க சார்.”

“என்ன சந்தேகம்மா? அவ என் மில்லுல வேலை பாக்குறவ. செலவாகறது பூரா என் மில்லுப் பணம். உங்க கம்பெனி ஒத்தப் பைசா போடல. பாத்துச் செய்றதுக்கு நான் கூலி வேற குடுக்கறேன்.”

“பணம் உங்களோடதுதான் சார். சரின்னு சொல்றது நாங்கதானே? பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கோங்க.”

“எங்கன போறது? பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் உங்க கையில. நேரா பணம் கட்டப் போனா, ‘அந்தக் கம்பெனியக் கேட்டுட்டு வாங்க’ங்கறாக.” அவர் குரல் இறங்கியது. “உயிருக்குப் போராடுறாம்மா. கொஞ்சம் சொல்லிப் பாரு.”

மகிமா போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினாள். கடைசியில் தலையசைத்தாள். “சரின்னுட்டாங்க சார்.”

கிங்ஸ்லி கைகூப்பினார். தான் திட்டிய முதலாளியே இப்படிக் கும்பிடுவதைப் பார்த்ததும் பிச்சையம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று. விறுவிறுவென்று போய், கவுண்டரில் இருந்த கூடையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

“மன்னிச்சிருங்க முதலாளி. எங்க வீட்டுக்காரரு நடக்கறது உங்க புண்ணியம். இது உங்களுக்குச் சேர வேண்டியது.”

கிங்ஸ்லி ஒரே ஒரு திராட்சையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கூடையை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“அங்கனயே இருக்கட்டும், ஆத்தா. இடது காலு பாக்கி இருக்குல்ல?”