சுவரோரக் கைப்பிடி

"நீ சொல்லாம அந்தப் பொண்ணுக்கு எப்படிடி தெரியும்?"

"என்னதுங்க தெரியும்? நான் யார்கிட்டயும் ஒண்ணுமே சொல்லலையே!"

இன்டீரியர் டிசைனர் ஜெசிந்தா அனுப்பிய படத்தை என் கணவர் குணசீலன் மேஜையில் வீசினார். புது வீட்டுக்கு இரண்டு பேரிடம் படம் கேட்டிருந்தோம். ராபின் ஹாலின் நடுவே அழகான கண்ணாடித் தடுப்பு வரைந்திருந்தார். ஜெசிந்தா படுக்கையறையிலிருந்து பாத்ரூம் வரை சுவரோரமாக ஒரு மரக் கைப்பிடி வரைந்திருந்தாள். போன வாரம் அளவெடுக்க வந்தவள், இவரோடுதான் அந்த வீடு முழுக்க நடந்தாள்.

"அம்பத்திமூணு வயசுல எனக்குக் கைப்பிடியா? இது வீடா, ஆஸ்பத்திரியா? ராபின்கிட்டயே குடுத்துடு."

"வேணாம்னா எடுத்துடச் சொல்லலாம். அதுக்கு ஏன் இவ்ளோ கத்துறீங்க?"

அவர் எழுந்து பாத்ரூம் பக்கம் போனார். அவர் நடப்பதை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். இடது கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. கதவருகே நின்று, திரும்பாமலே, "பாக்காத" என்றார்.

வேலையைத் தொடங்க, நாளைக் காலையில் இருவரில் ஒருவரிடம் புது வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுக்கட்டும்? இப்படி ஒருவரோடு வாழ்கிறவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.