இரண்டு விரல் காற்று

"காத்துக்குப் பூட்டு போட்டவ இந்தத் தென்காசியிலேயே நீ ஒருத்திதாம்ட்டி" என்றாள் சாவித்ரி. குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

குழல்வாய்மொழி நிறைந்தும் நிறையாத குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். சாவித்ரியின் குரல் தெருமுனை வரை கூடவே வந்தது. ஜன்னல் கதவு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காதாம். குறுக்கே இரும்புப் பட்டையாம். உள்பக்கம் திண்டுக்கல் பூட்டாம். இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைக்க உள்ளே என்ன, ஊத்துமலை ஜமீன் நகைப்பெட்டியா இருக்கிறது என்று கேட்டாள். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருடம் அது. குழல்வாய்மொழியின் கணவன் மாடக்கண்ணு ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மலை தாண்டிப் புனலூர் போய்விடுவான். அவளுக்கு இழுப்பு. சாரல் பிடித்துவிட்டால் ஜன்னலை அடைத்துக்கொண்டு படுக்க முடியாது, மூச்சு முட்டும். அந்த ஜன்னலிலோ இரண்டு கம்பிகள் துருப்பிடித்து விழுந்து ஒரு வருடம் ஆகிறது. கம்பி என்று பேச்செடுத்தாலே வீட்டுச் சொந்தக்காரருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

அதனால்தான் கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்யும் மைதீனிடம் அவளே போய்ச் சொன்னாள். ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும், ஆனால் அப்படியே பூட்டியும் இருக்க வேண்டும். மைதீன் வந்து விரலை வைத்து அளந்து பார்த்துச் செய்து கொடுத்தார்.

கணவனிடம் குரங்குக்காக என்று சொன்னாள். தெருவிலும் அதையே சொன்னாள்.

"குத்தாலத்துக் குரங்கு பஸ் ஏறி இவ ஜன்னலுக்கா வருது?" என்று சாவித்ரி அதையும் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைக் குழல்வாய்மொழி யாரிடமும் சொல்லவில்லை. ஆனி மாதம் ஒரு விடியற்காலை விழித்தபோது ஜன்னல் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஓர் ஆணின் கை தோள் வரை உள்ளே நீண்டு, அவள் படுக்கையைத் துழாவிக்கொண்டிருந்தது. அவள் அலற வாயெடுத்தாள், இருமல்தான் வந்தது. கை மறைந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. மாடக்கண்ணுவிடம் சொன்னால் கரி அள்ளும் மண்வெட்டியோடு வீடு வீடாக ஏறுவான். யார் என்று தெரியாமல் யாரை அடிப்பது?

சாவித்ரி விடுவதாக இல்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போன இடத்தில், அருவி இரைச்சலையும் மீறி அந்தப் பூட்டைப் பற்றிப் பேசினாள். வீட்டுக்குள் இருந்தாலும் நடு முற்றத்தில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினாள். வேறு வேலை இல்லாத தெரு அது. ஒரே வாரத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டது: மாடக்கண்ணுவுக்குப் பெண்டாட்டி மேல் சந்தேகம்.

தீர்ப்பு செங்கோட்டை லோகோ ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. சாவியை எஞ்சினில் மாட்டி வைத்திருக்கிறாயா, இடுப்பில் முடிந்திருக்கிறாயா என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த மாடக்கண்ணு சோற்றைத் தொடவில்லை.

ஒருவர் மட்டும்தான் பரிந்து பேசினார். சாவித்ரியின் கணவர் ஹரிஹரசுப்பிரமணியன், பத்திரம் எழுதுகிறவர், தெருவில் மரியாதை உள்ள மனிதர். மாடக்கண்ணுவை வழியில் நிறுத்தி, தன் மனைவியின் வாய்க்காக வருத்தம் தெரிவித்தார். நம்ம தெருவில் களவு ஏது, நாலு பேர் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் அந்தப் பூட்டைக் கழற்றிப் போட்டுவிடு தம்பி என்றார்.

"அண்ணாச்சி சொல்லுதது நியாயந்தான். நாளைக்கே கழட்டிரு" என்றான் மாடக்கண்ணு.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அன்றுதான் அவள் முடியாது என்று சொன்னாள்.

"அப்ப நெசமாவே எவனும் வருதானா?" என்றான் மாடக்கண்ணு.

அதற்கு மேல் அவளால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. மறுநாள் காலை அவன் டூட்டிக்குப் போனதும் மைதீனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து திருப்புளியைப் பட்டையில் வைத்த நேரத்தில், கொல்லைப்புறம் வழியாகச் சாவித்ரி உள்ளே வந்தாள். இதையும் பார்த்துச் சிரிக்க வந்திருக்கிறாள் என்று குழல்வாய்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாவித்ரி மைதீனை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டாள். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு மேல் அது அசையவில்லை.

"இதக் கழட்டாத. உம் புருசன்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். அவள் இவ்வளவு தணிந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"ஊரெல்லாம் சிரிக்க வச்சதே நீங்கதான மைனி" என்றாள் குழல்வாய்மொழி. "இப்ப என்ன புதுசா?"

சாவித்ரி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கு விடியக்காலம் இதுக்குள்ள வந்த கை யாரு கைன்னு எனக்குத் தெரியும்ட்டி. இனிமே இந்த ஜன்னல் தொறக்காதுன்னு எங்க வீட்டுப் பெரிய மனுசனுக்குக் கேக்கணும்னுதான் நான் அத்தன சத்தம் போட்டேன்."