மில் கயா

“மில் கயா! மில் கயா!”

படகுத்துறை ஜெட்டிப் பக்கமிருந்து ஒரு வங்காளிப் படகுக்காரன் கத்திக்கொண்டே அபர்டீன் பஜாருக்குள் ஓடிவந்தான்.

மணிக்கூண்டடியில் உட்கார்ந்திருந்த அன்னம்மாள் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தாள்.

லீவு நாளென்று சின்னப் படகில் மீன்பிடிக்கப் போன அவள் புருஷன் ஜம்புலிங்கம் திரும்பவில்லை. போன அன்றைக்கே காற்று கடலைப் புரட்டி எடுத்துவிட்டது. அதிலிருந்து ஊரே அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் படகுக்காரனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவனுக்குத் தமிழ் வராது. மூச்சு வாங்க அதையே மறுபடி சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டான்.

பாழாய்ப்போன இந்தி! வங்காளிக்கும் தெலுங்கருக்கும் மலையாளிக்கும் தமிழருக்கும் பொதுவாக இந்தத் தீவு வைத்திருக்கும் அரைகுறை இந்தி. தொலைந்த ஆடு கிடைத்தாலும் மில் கயா. மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தாலும் மில் கயா. யார், எது, என்ன கதியில் என்று அது வாயைத் திறக்காது.

தமிழென்றால் சொல் முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிடும். கிடைத்தார் என்றால் அவர். கிடைத்தது என்றால்...

அவள் அதற்குமேல் நினைக்கவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

கடவுளே, ‘ஆர்’ என்று முடியட்டும் என்று வேண்டிக்கொண்டே ஜெட்டிக்கு ஓடினாள். அது ஒன்று போதும். கை கால் போயிருந்தாலும் பரவாயில்லை, கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிக்கொள்வாள்.

இறக்கத்தில் எதிரே அலி அக்பர் வந்துகொண்டிருந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர். காலையில் தேடப் போன படகில் அவரும் இருந்தார். கைலி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

தமிழ் ஆள்! அன்னம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்றவர்கள் பெஹன் என்றாலும் அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் வாய் நிறையக் கூப்பிடுவார். தமிழ்க்காரர்களிடம் மறந்தும் இந்தி பேசமாட்டார். பேசுகிறவர்களையும் கேலி செய்தே ஓட்டுவார்.

“கெடச்சாரா பாய்? கெடச்சாருன்னு சொல்லுங்க!”

அலி அக்பர் நின்றார். “கெடச்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“மில் கயா, பெஹன்.”

அன்னம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். தமிழில் சொல்லும்படி அவரைக் கேட்கவில்லை.