ராயப்பனின் கை கியர்

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று தரும் எஃப்சி மையத்துக் கருவி, இசக்கியம்மாளின் பழைய பைக்கைத் தடவிப் பார்த்து அதன் ஜாதகத்தையே ஒப்பித்தது.

"மூன்றாவது உரிமையாளர் அந்தோணி ராயப்பன். விபத்தில் இடது காலை இழந்தபின், கால் கியரைக் கை கியராக மாற்றினார். அனுமதியற்ற மாற்றம்."

கியர்ப் பிடியைத் தேய்த்திருந்த உள்ளங்கை யாருடையது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. அந்தப் பிடிக்காகவே ஊர் ஊராக அலைந்து இந்த வண்டியை வாங்கியிருந்தாள்.

"கம்பெனியில பொறந்த மாதிரியே வண்டி இருக்கணும்மா. கால் கியரா மாத்திக் கொண்டாங்க. இல்லன்னா நொறுக்கிருவோம்" என்றார் ஆய்வாளர்.

இசக்கியம்மாள் தன் இடது செயற்கைக் காலைக் கழற்றி அவர் மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

"மொதல்ல என்னய எங்கம்மா பெத்த மாதிரி மாத்திக் குடுங்க சார். பொறவு வண்டியில கை வைங்க."