கொழும்பு வளர்ந்த படம்

முருகையா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கணக்கப்பிள்ளை ஆன பிறகு கிடைத்த நாற்காலி. கூலியாட்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அந்தத் தோட்டத்தில் அதுவரை கிடைக்காதது.

பக்கத்து நாற்காலியில் பெரிய கிளாக்கர் குமாரசிங்கம். மற்றச் சனமெல்லாம் தேயிலை ஸ்டோரின் சீமெந்துத் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மடுல்சீமை மலை முழுக்க மழை. ஜன்னல்களில் சாக்கு அடித்து வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பதுளையிலிருந்து படக்கருவியோடு வந்திருந்த முஹம்மது ரீலை மாட்டிக்கொண்டிருந்தார்.

முருகையா தன் தாய் ரெங்கம்மாவை முன்வரிசையில், கொழுந்து பறிக்கும் பெண்களோடு உட்கார வைத்திருந்தான்.

“நல்லாப் பாத்துக்க ஆத்தா. கொழும்பு.”

“கொழும்பு நான் பாக்காத ஊரா?”

பெண்கள் சிரித்தார்கள். பதுளைக் கடைத்தெருவைத் தாண்டி அவள் போனதை யாரும் கண்டதில்லை.

அவள் பேச்சு அப்படித்தான். வீட்டில் முருகையா கொஞ்சம் அதட்டினால் போதும். “தகரங் கடிச்சுப் பல்லு மொளச்ச பய, என்னையா அதட்டுற?” என்பாள். கணக்கப்பிள்ளை ஆனதும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அது என்ன தகரம் என்று கேட்டதில்லை.

படம் ஓடத் தொடங்கியது. கொழும்பு வளர்ந்த கதை. இங்கிலீஷில் ஒரு குரல் பேசியது. குமாரசிங்கம் எழுந்து நின்று தமிழில் சொன்னார். முதலில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டிய கல்லணை. பிறகு பெரிய கப்பல்கள். ரயில். டிராம் வண்டி. மின்சார விளக்கு.

சனம் வாய் பிளந்து பார்த்தது.

அடுத்து ஒரு முகாம். கம்பி வேலி.

“தோட்ட வேலைக்கெண்டு இந்தியாவிலையிருந்து கப்பலிலை வந்த ஆக்களை நேரே கொழும்புக்குள்ளை விடேல்லை. கொள்ளை நோய் வந்திடும் எண்டு மருந்துத் தண்ணி அடிச்சுத்தான் ரயிலிலை ஏத்தினவை” என்றார் குமாரசிங்கம். “அப்பிடித்தான் பட்டினத்தைக் காப்பாத்தினது.”

திரையில் பெண்கள் கப்பலை விட்டு இறங்கி வந்து வரிசையாக நின்றார்கள். இடுப்பில் மட்டும் துணி. தொப்பி போட்ட ஒருவன் குழாயைத் திருப்பினான். தண்ணீர் பீச்சியடித்ததும் பெண்கள் துள்ளினார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள்.

ஸ்டோருக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது.

“ஆட்டு மந்தைய ஆத்துல எறக்குன மாதிரியில்ல இருக்கு!” என்றான் முருகையா.

கணக்கப்பிள்ளையின் பகிடி. சிரிப்பு இரண்டு மடங்கானது. கிளாக்கரும் சிரித்தார்.

“முஹம்மது பாய், அந்தத் தண்ணி அடிக்கிறத இன்னொருக்காப் போடுங்க.”

உத்தரவு போடுவது அவனுக்கு இன்னும் புதிதாக இருந்தது.

முஹம்மது ரீலைப் பின்னோக்கி ஓட்டினார். தண்ணீர் உடம்புகளை விட்டுக் குழாய்க்குள் போனது. பெண்கள் முதுகு காட்டாமலே பின்னால் நடந்து கப்பலுக்குள் ஏறினார்கள்.

“அட, ஊருக்கே திருப்பி அனுப்பிட்டானுகடா!” என்று கத்தினான் தரையில் இருந்த வீரய்யா. அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் குறைவாக.

பிறகு எல்லாரும் மறுபடி இறங்கி வந்தார்கள்.

இந்த முறை முருகையா ஒருத்தியைக் கவனித்தான். வரிசையில் கடைசி. சின்னப் பெண். முகம் பாதி நிழலில். வலது கையால் மார்பை மூடியிருந்தாள். இடது இடுப்பில் ஒரு குழந்தை. அவள் கழுத்துக் கயிற்றில் ஒரு தகர வில்லை. தோட்டத்தின் அடையாளம் பொறித்து, ஆள் பிடித்து வரும் கங்காணி மாட்டிவிடுகிற வில்லை.

குழந்தை அந்த வில்லையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் அடித்தது. அப்போதும் அது கடிப்பதை விடவில்லை.

முருகையாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

முன்வரிசையைப் பார்த்தான். திரையின் வெளிச்சம் ரெங்கம்மாவின் மேல் விழுந்திருந்தது. முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். அதற்கு மேல் சேலை. அதற்கும் மேல், குளிருக்காக ஒரு கம்பளி.

அத்தனைக்கும் மேலே அவள் வலது கை மார்பைக் குறுக்காக மூடியிருந்தது. இடது கை இடுப்போரம் எதையோ தாங்குவது போல மடங்கியிருந்தது.

ரீல் முடிந்தது. இருட்டுக்குள்ளிருந்து வீரய்யா கூப்பிட்டான்.

“கணக்கப்பிள்ளை ஐயா, இன்னொரு வாட்டி!”

இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று தரை முழுக்கக் கத்தியது. முஹம்மது ரீலில் கை வைத்தபடி நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கிளாக்கரும் கேட்பார்.

ரெங்கம்மா திரும்பிப் பார்த்தாள். திரையை அல்ல, நாற்காலியை. அதில் இருந்தவன் தலை குனிந்துகொண்டான்.

“போடுங்க” என்றான்.

பெண்கள் மூன்றாம் முறையாகக் கப்பலை விட்டு இறங்கினார்கள். வரிசையில் நின்றார்கள். தொப்பிக்காரன் குழாயைத் திருப்பினான்.

இந்த முறை முதலில் சிரித்தது ரெங்கம்மாதான். ஸ்டோரே அதிரும்படி, எல்லாரையும் விடச் சத்தமாக.

கையை மட்டும் மார்பிலிருந்து எடுக்கவில்லை.